ஆயிரத்தெட்டும் நடுவில் ஒன்றும்

ஜூலை 28, திங்கள்

ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மன் கோயில் திடலில் 1008 திருவிளக்கு பூஜை. பெண்களை உட்கார வைக்கக் கோடு போட்டுத் தரும் வேலை என் தலையில். கணக்கு டீச்சராம். 1008க்கு முப்பது வகுஎண்கள். 24 வரிசை, 28 வரிசை, 36 வரிசை, எப்படி மடக்கினாலும் மடங்கும். இதற்கு ஒரு டீச்சர் எதற்கு?

ஜூலை 31

குன்னத்திலிருந்து தங்கை புவனேஸ்வரி போன். மாப்பிள்ளை தவறிய பிறகு வரும் முதல் ஆடி. "அக்கா, நானும் என் விளக்க எடுத்துட்டு வரட்டுமா? எப்பவும் ஒக்கார்றதுதான?" வாடி என்றேன். என்ன கேள்வி இது!

ஆகஸ்ட் 2

விழாக்குழுத் தலைவர் வைத்திலிங்கத்திடம் அவள் பெயரைக் கொடுத்தேன். தலையைச் சொறிந்தார். "1008 நெறஞ்சு போச்சுங்க டீச்சர். ஒண்ணு கூடினாலும் வரிச கெட்டுடும்." நேற்றுவரை நாற்பது இடம் காலி என்று மைக்கில் கத்தியவர். தாலி இல்லாதவள் என்று சொல்ல வாய் வரவில்லை; பழியை எண் மேல் போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 3

சொன்னது சரிதானா என்று வகுத்துப் பார்த்தேன். 31 வரை எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. 1009 பகா எண். ஒரே வரிசையாக உட்கார வைத்தால் திருமானூர் பஸ் நிற்கும் இடத்தையும் தாண்டும். சனியன், இதுவும் அவர் கட்சியா?

ஆகஸ்ட் 5

பத்தாம் வகுப்பில் கூட்டுத்தொடர் நடத்தும்போது பாதியில் நின்றுவிட்டேன். 28, 56, 84... எட்டு வட்டம். கூட்டினால் சரியாக 1008. நடுவில் ஒரு புள்ளி மிச்சம்!

ஆகஸ்ட் 6

"வட்டமா போட்டா நடு விளக்கு ஒண்ணு வைக்கலாங்க. எண்ணெய் ஊத்த ஒரு ஆள் வேணும். அது கணக்குல சேராது" என்றேன். "ட்ரோன்ல எடுத்தா அம்சமா இருக்குமே!" என்றார். ஆள் யாரென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14

புவனாவிடம் பெருமையாகச் சொன்னேன். அழுதாள். "நடுவுலயா? அத்தன பேரும் என்னையவே பாக்கறதுக்கா? எல்லாரையும் போல ஒரு எடந்தானக்கா கேட்டேன்."

மையப்புள்ளி எல்லாரிடமிருந்தும் தள்ளித்தான் இருக்கும். இருபது வருஷமாக போர்டில் வட்டம் போடுகிறேன் — இது ஏண்டி உனக்குத் தோணல? என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் பள்ளிக்கூடத்தில் கொடி. சாயங்காலம் பூஜை. வருவாளோ மாட்டாளோ என்று தெருவையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கைக் கையில் பிடித்தபடி வந்தாள். நடு விளக்கு வரை போகாமல் முதல் வட்டத்திலேயே நின்றுவிட்டாள். அங்கே உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி மரமாட்டம் நிக்கிற? இப்புடி குந்து." பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்: "தள்ளிக்கடி." அவள் அடுத்தவளைத் தள்ளினாள். 28 பேர் இருந்த இடத்தில் 29 பேர். வைத்திலிங்கம் பார்த்தார். மைக்கைத் தட்டிவிட்டு, செருப்பை வெளியே விடச் சொன்னார். நடு விளக்குக்குப் பூசாரியே எண்ணெய் ஊற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 16

ட்ரோன் படம் வந்தது. முதல் வட்டத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புவனா எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.