கழுத்தின் முதல் எலும்பு

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பனி. மலை தெரியவில்லை.

இந்த நோட்டு கிளினிக்குடையது. மொழிபெயர்ப்புக்கென்று மேடம் கொடுத்தது. பின்பக்கத்திலிருந்து என் சொந்த விஷயத்தை எழுதுகிறேன். தப்புதான், மன்னிக்கணும். வாயில் வராதது எழுதினால் கொஞ்சம் வருகிறது.

வேலையில் சேர்ந்து இருபது நாள். கள்ளக்குறிச்சி கடைத்தெரு, ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. கடை மேடத்தின் மாமனாருடையது. தாஹிரா மேடம் வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்தவர். ஊசி, மாத்திரை கிடையாது. எலும்பு மூட்டைக் கையால் சரிசெய்வது. அதிலும் மேடம் பார்ப்பது கழுத்தின் மேல்பகுதி மட்டும்.

என் வேலை: டோக்கன். போன். அப்புறம் இந்த வைத்தியம் வளர்ந்த கதையைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக எழுதுவது, காத்திருப்பவர்கள் படிக்க.

இன்று முதல் பகுதி. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அமெரிக்கா. முதுகெலும்பில் எங்கே மேடு தட்டுகிறதோ அங்கே உள்ளங்கையால் சடக்கென்று ஒரு குத்து. படம் இல்லை, கருவி இல்லை. விரல் சொன்னதுதான் கணக்கு.

அப்பாவால் இன்றும் சட்டைப் பட்டன் போட முடியவில்லை. அம்மா போட்டுவிட்டாள். "புது மாப்ள கணக்கா நிக்கிறத பாரு." அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

வெள்ளிமலை ஜீப் டிரைவர் வந்தார். கழுத்துவலி, மூன்றாவது தடவை. "ஏறசொல்ல ஒரு பக்கம் இழுக்குது, எறங்கசொல்ல இன்னொரு பக்கம். இந்தக் கட்டில் இன்னாத்துக்கு மேடம்? எல்லாரையும் ஏங்கூட அனுப்புங்க, வளைவுலயே சரி பண்ணிடறேன்." மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டாம் பகுதி. அடுத்த தலைமுறை. முதுகு முழுக்க வேண்டாம், தலையைத் தாங்குகிற மேல் எலும்பு ஒன்றே போதும் என்றார்கள். எக்ஸ்ரே வந்தது. கழுத்தின் இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிட ஒரு கருவி வந்தது. அந்த எலும்பு சரியானால் எல்லா நோயும் போகும் என்றுகூடச் சொன்னார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். கேட்கக் கூச்சம்.

மேடம் பார்த்துவிட்டார். "அவங்க நம்புனாங்கன்னு எழுதும்மா. சரியாச்சுன்னு எழுதாத. மத்த டாக்டருங்க இப்பவும் ஒத்துக்கறது இல்ல. அதையும் எழுது."

அப்பா விஷயம். பதினைந்து வயதிலிருந்து தலையில் கரும்புக் கட்டு. வயலிலிருந்து லாரிக்கு, பலகை மேல் ஏறி. தீபாவளிக்கு அப்புறம் இரண்டு கை விரலும் மரத்துப்போகிறது. டம்ளர் நழுவுகிறது. அதற்கு அவர் வைத்தியம், எங்கள் ஊர் வடக்கனந்தலில் செல்வம் அண்ணன் சலூன். முடி வெட்டி முடிந்ததும் அண்ணன் தலையைத் தட்டி, ஒரு கை தாடையில், ஒரு கை பிடரியில் வைத்து, டக். இடது ஒன்று, வலது ஒன்று. ஊரில் எல்லா ஆண்களுக்கும் உண்டு. முடி வெட்டுவதில் அதுவும் சேர்த்தி. முன்பு மாதம் ஒருமுறை போவார். இப்போது வெட்ட முடி இல்லாவிட்டாலும் ஞாயிறுதோறும்.

பிப்ரவரி 6, வியாழன்

நேற்று எழுதவில்லை. வயிற்றுவலி.

மூன்றாம் பகுதிதான் எனக்குப் பிடித்தது. படத்தில் கோடு போட்டு, எலும்பு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காதுக்குக் கீழே லேசாக ஓர் அழுத்தம். சிலர் கையை விட்டுவிட்டுச் சின்னக் கருவியால் ஒரு தட்டு. குத்து, தள்ளு, அழுத்தம், தட்டு. ஒவ்வொரு தலைமுறைக்கும் பலம் குறைந்துகொண்டே வருகிறது. சத்தம் வரவேண்டியதே இல்லை.

வீட்டில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"சத்தமே வரலன்னா அப்புறம் இன்னா வைத்தியம் அது?"

"இல்லப்பா, சலூன்ல..."

"இன்னா பாப்பா?"

"ஒண்ணும் இல்லப்பா."

தட்டில் சோற்றைப் பிசைகிறார், வாய்க்கு வருவதற்குள் பாதி கீழே. அம்மா பார்க்காத மாதிரி துடைக்கிறாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

டோக்கன் பட்டியலில் கடைசியாக அப்பா பேரை எழுதி வைத்தேன். வாயால் கேட்கவில்லை. மேடம் ஊர் பேரைப் பார்த்து, "உங்கப்பாவா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

ஐந்து மணி பஸ்ஸில் வந்தார். என் பட்டமளிப்பு விழாவுக்குப் போட்டுவந்த சட்டை. மேடம் அவரைக் கட்டிலில் படுக்க வைக்கவே இல்லை. தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். அப்பா தள்ளாடினார். பலகை மேல் கட்டோடு ஏறுகிறவர். வேகமாக விரலை மூடித் திறக்கச் சொன்னார். அதுவும் வரவில்லை. மேடம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஐயா, நான் கை வெக்க மாட்டேங்க. உள்ள நரம்புத்தண்டு நசுங்குதோன்னு சந்தேகமா இருக்கு. ஸ்கேன் பார்த்து, சர்ஜன்தான் முடிவு பண்ணணும். அதுவரைக்கும் யாரும் கழுத்தத் திருப்பக் கூடாது. ஒருதடவகூட. கைகால் வராமப் போயிடும்."

ஜி.எச்.சுக்குக் கடிதம் கொடுத்தார். திங்கட்கிழமை போகணும்.

பஸ்ஸில் அப்பா: "கைய வெக்கவே பயப்படுதே அந்தம்மா. வெளிநாட்டுல அவ்ளோதான் சொல்லிக் குடுத்தாங்க போல. நம்ம செல்வம் பரவால்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த வேலைக்கு நான் சேர்ந்ததே, மேடம் ஒருநாள் அப்பா கழுத்தில் கை வைப்பார் என்றுதான்.

பிப்ரவரி 8, சனி

திங்கட்கிழமை ஜி.எச்.சுக்கு வர அப்பா ஒத்துக்கொண்டார். அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். அப்புறம் அப்பா சொன்னார்: "பெரிய டாக்டரு பாக்கறாரு, பரதேசி மாதிரியா போறது? நாளைக்கிப் போயி முடி வெட்டிக்கினு வந்துடறேன்."

"முடி மட்டுந்தானப்பா?" என்று கேட்டேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அடுப்பங்கரையில் அம்மா: "நீ சொல்லுடி, நீ படிச்சவ."

"நீ சொல்லும்மா."

"நான் சொன்னா அதுக்கு நேர்மாறாத்தான் பண்ணுவாரு, தெரியாதா ஒனக்கு?"

கடைசிப் பகுதியை இன்று முடித்தேன். யாரைத் தொடக்கூடாது என்று கற்றுக்கொண்டதும் இந்த வைத்தியத்தின் வளர்ச்சிதான் என்று எழுதச் சொன்னார் மேடம். எழுத்து அழகாக வந்திருக்கிறது. நாற்பது பக்கம். அப்பா படிக்கத் தெரியாதவர்.

மாலை பஸ்ஸைவிட்டு இறங்கி சலூன் பக்கம் நடந்தேன். உள்ளே ஆட்கள். பெஞ்சிலும் ஆட்கள், பேப்பர். அந்தப் படியில் ஒரு பெண் ஏறி நான் பார்த்ததில்லை. தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி தாண்டினேன்.

டீக்கடையிலிருந்து ஒருவர்: "இன்னா பாப்பா, எதுனா தொலைச்சிட்டியா?"

"இல்லண்ணா."

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நல்ல வெயில். தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். வாசலில் அப்பா செருப்பு இல்லை. "அப்பவே பூட்டாரே" என்றாள் அம்மா.

ஈரத்தலையோடு ஓடினேன். துப்பட்டா வழியில் நழுவியது, எடுக்கவில்லை.

முடி வெட்டி முடிந்திருந்தது. வெள்ளைத் துணி, பிடரியில் பவுடர். அப்பா கண்ணை மூடியிருந்தார். செல்வம் அண்ணனின் ஒரு கை தாடையில். இன்னொரு கை பிடரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

படியில் ஏறினேன். கண்ணாடிக்குள் எல்லா முகமும் என்னைப் பார்த்தது. ஒருவர் ரேடியோவைக் குறைத்தார். அப்பா கண்ணைத் திறந்தார். "பாப்பா, ஆம்பளைங்க இருக்கற எடத்துல இன்னா..."

அண்ணன் கை இன்னும் தாடையில்தான்.

நரம்புத்தண்டு, ஸ்கேன், டிகிரி, நாற்பது பக்கம், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"செல்வண்ணா, முடி வெட்டுனது போதுங்கண்ணா. எங்கப்பா கழுத்த மட்டும் திருப்பாதீங்க."

அண்ணன் தாடையிலிருந்து கையை எடுத்தார்.