குற்றமற்ற இடப்பக்க ஒலிபெருக்கி

மகளே,

நேற்று நீ உன் ஒலிப்பதிவறை ஒலிபெருக்கிகளின் ஒலியளவைச் சமன் செய்தபோது, இடப்பக்கத்தது குறைகிறது என்றேன். "மீட்டர்ல ரெண்டும் ஒண்ணாத்தான்பா காட்டுது. உங்க காதைத்தான் பார்க்கணும்" என்றாய். வகுப்பின் கடைசி வரிசை முணுமுணுப்பையும் பிடித்த காதை ஒரு கைக்கருவி திருத்துவதா என்று கொதித்தேன். என் நச்சரிப்புத் தாங்காமல் நீயும் இடப்பக்கக் குமிழை ஏற்றிவைத்தாய்.

இன்று நீ வெளியே சென்றதும் குமிழைப் பழைய குறிக்கே இறக்கி, ஒலிபெருக்கிகளைச் சோதிக்க நீ வைத்திருக்கும் இரைச்சலை ஓடவிட்டு நாற்காலியில் அமர்ந்தேன். இடப்பக்கமே குறைந்தது. வழக்கை முடித்துவிடலாம் என்று நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி அமர்ந்தேன். இப்போது மற்ற ஒலிபெருக்கி குறைந்தது! இரண்டும் பேசிவைத்துக்கொண்டு என்னை ஏய்க்கின்றன என்று வாதாட எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே காது மருத்துவரைப் பார்க்கச் செல்கிறேன். சாப்பாட்டை மூடிவைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள். மாற்றுச் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. குமிழை இனித் தொடாதே.

அப்பா

பின்குறிப்பு: நான் திரும்பியதும் கேலி செய்வாய் என்று அறிவேன். என் வலப்பக்கம் அமர்ந்து செய். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது.