ராசிபுரம் என்று எழுதிய மனு

அண்ணா,

நான்கு நாட்களாக ஒரு தாள் என் மேசைமேல் இருக்கிறது. உங்கள் காரியம் முடிந்த பிறகு செம்மேட்டுச் சந்தைக்கு வந்த உங்கள் மகன் கொடுத்துவிட்டுப் போனான். "அப்பன் பெட்டியில இருந்துச்சுங்க சார். உங்க கையெழுத்துன்னு அம்மா குடுக்கச் சொல்லுச்சு" என்றான். பிரித்ததும் மிளகு வாசனை அடித்தது. மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் உங்கள் பெட்டி இருக்கும். தாளின் முதல் வரி என் கையெழுத்தில்: "ராசிபுரம் நாடாளுமன்றத் தொகுதி உறுப்பினர் அவர்களுக்கு." கடைசி வரிக்குக் கீழே, ஊர்மக்கள் சார்பாக, உங்கள் கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது.

அந்த மனுவை எழுதிய மாலையில் நாம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் ஊருக்கு வரும் வழியில் இருந்த ஓடைக்குப் பாலம் வேண்டும் என்பதுதான் விஷயம். மழை பிடித்தால் பிள்ளைகள் மூன்று நாள், நான்கு நாள் பள்ளிக்கு வரமாட்டார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் கேட்டீர்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, டெல்லிக்கு நம்ம மலையில இருந்து யாராச்சும் போயிருக்காங்களா?"

எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். சென்னைச் சட்டசபைக்கு மலைவாழ் மக்களுக்கென்று ஒதுக்கிய தொகுதியில் நாம் இருக்கிறோம். நாடாளுமன்றத்துக்குத் தமிழ்நாட்டில் அப்படி ஒரு தொகுதிகூட இல்லை என்று சொன்னேன். ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்த பழைய காலத்தைச் சொன்னேன். மக்கள்தொகை கூடக் கூட எல்லைகளைத் திருத்துவார்கள் என்பதற்கு வகுப்பில் சொல்லும் அதே உதாரணத்தைச் சொன்னேன்: "ரேஷன் கார்டை ஒரு கடையில இருந்து எடுத்து இன்னொரு கடையில சேக்கறாங்க இல்லீங்களா, அந்த மாதிரி. நம்ம ஊடு அதே இடத்துலதான் இருக்கும். போய் நிக்க வேண்டிய கடைதான் மாறும்."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு ஒன்று கேட்டீர்கள். "போனவங்க திரும்பி வந்து எங்க சொல்லுவாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. உங்கள் ஊர் வழக்கத்தை வைத்துக் கேட்டீர்கள். ஊருக்காக வெளியே பேசப் போனவர் திரும்பியதும் தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நேராகக் கோயில் முன்னால் வந்து நிற்க வேண்டும். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தான் சொன்னது என்ன, அவர்கள் சொன்னது என்ன என்று முழுவதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர்கூட. பல ஊர்கள் கூடும் எடப்புளி நாட்டுக் கூட்டமானாலும் தாலுகா ஆபீஸானாலும் பல வருடங்களாக உங்கள் ஊருக்காகப் போய்ப் பேசியவர் நீங்கள்தான். உங்கள் கேள்விக்கு, "அதெல்லாம் பேப்பர்ல வருமுங்க" என்று சமாளித்தேன்.

மனுவை வாங்கி மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். "நாமக்கல்லுன்னு இல்ல ஓட்டுக் கேட்டு வந்தப்பச் சொன்னாங்க?"

"நாமக்கல் ஜில்லாங்க. பார்லிமெண்டுக்கு நாம எப்பவும் ராசிபுரம்தான்."

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன், பாருங்கள். அதற்குச் சற்று முன் நடந்த அந்தத் தேர்தலின்போது நான் கண் அறுவை செய்துகொண்டு சேலத்தில் மகள் வீட்டில் கிடந்தேன். ஓட்டுப் போடவில்லை. தொகுதிகளைத் திருத்தியதில் ராசிபுரம் என்ற நாடாளுமன்றத் தொகுதியே இல்லாமல் போய், நாம் நாமக்கல்லோடு சேர்ந்திருந்தோம். நான் பழைய மனு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினேன். விஷயத்தை மாற்றினேன், முகவரியை மாற்றவில்லை. ரேஷன் கடை உதாரணம் சொன்னவன், கடை மாறியதைப் பார்க்கவில்லை. நீங்கள் ஓட்டுப் போட்டவர். ஆனாலும் வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினீர்கள்.

மறுநாள் விடியலில் கிளம்பி இரண்டு பஸ் மாறி ராசிபுரம் போனீர்கள். எம்.பி. ஆபீஸ் என்று நான் சொல்லியனுப்பிய கட்டடம் பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடைக்காரர்தான் விவரம் சொன்னாராம். இருட்டுவதற்கு முன் ஊர் திரும்பினீர்கள். நல்ல சேதி வரும் என்று நானும் கோயில் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தேன். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"பார்க்க வேண்டிய ஆளு அங்க இல்லீங்க. நம்ம தொகுதி நாமக்கல்லுக்கு மாறிப்போச்சு. எடம் தெரியாமப் போயிட்டேன். என் தப்புதானுங்க."

கூட்டத்தில் ஒருவர், "ராசிபுரத்துல சினிமா கினிமா பாத்துட்டு வந்தியாக்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஓட்டுப் போட்ட ஊரே தெரியாதவனைத்தான் நாம ஊருக்குப் பேச அனுப்பிச்சோம்" என்றார் இன்னொருவர். நீங்கள் என்னை ஒரே ஒருமுறை பார்த்தீர்கள். அதில் கோபம் இல்லை. நான் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தேன்.

வழியனுப்ப ஓடை வரை வந்தீர்கள். ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்க புள்ளைங்கள இப்பத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறாங்க. வாத்தியாருக்கே தெரியலீன்னு ஆச்சுன்னா, நாளைக்கு அதுங்கள மரவள்ளிக் காட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

"அடுத்த கூட்டத்துல நானே சொல்லிப்போடறனுங்க."

"சொல்லுங்க. அவசரமில்லை."

அடுத்த கோயில் நோம்பிக்குக் கூடிய கூட்டத்தில் ஊருக்குப் பேச வேறொருவரை வைத்தார்கள். அன்றும் நான் அங்கே இருந்தேன். இப்போது சொன்னால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் படித்து மலைக்குக் கீழே போனார்கள். பாலம் வந்தது, புதியவர் போய்ப் பேசியதால் வந்தது என்றார்கள். நான் ஓய்வு பெற்றேன். எதையும் சொல்லவில்லை. நீங்கள் சந்தைக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க வந்தீர்கள், பலாச்சுளை கொண்டுவந்தீர்கள், மழையைப் பற்றிப் பேசினீர்கள். அந்த மனுவைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று உங்கள் ஊருக்குப் போனேன். கூட்டம் ஒன்றும் இல்லை. கோயில் முன்னால் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சிரித்தவர்களில் ஒருவர்தான் மிச்சம். அவருக்குக் காது கேட்பதில்லை. துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முகவரியை நான்தான் தப்பாக எழுதினேன், நீங்கள் கேட்டும் திருத்தவில்லை, பழி மட்டும் உங்கள்மேல் போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். இளைஞன் ஒருவன், "அதுக்கு என்னங்க சார் இப்ப, பாலந்தான் வந்துருச்சே" என்று ஆறுதலாகச் சொன்னான்.

உங்கள் வீட்டம்மா ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகு, "தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "கூட்டம்னு சொன்னா நீங்க வந்திருக்கீங்களான்னுதான் மொதல்ல கேப்பாருங்க. ஒவ்வொரு நோம்பிக்கும் கேப்பாரு."

டெல்லிக்குப் போனவர்கள் திரும்பி வந்து எங்கே சொல்வார்கள் என்று கேட்டீர்களே அண்ணா. நான் டெல்லிக்கும் போகவில்லை, ராசிபுரத்துக்கும் போகவில்லை. கோயிலுக்கு முன்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

இன்று காலை பேனாவை எடுத்தேன். முதல் வரியில் ராசிபுரத்தை அடித்துவிட்டு நாமக்கல் என்று எழுதலாம் என்று நினைத்தேன். அடியில் உங்கள் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. நீங்கள் நம்பிக் கையெழுத்துப் போட்டது அந்தப் பழைய முகவரிக்குத்தான். பேனாவை மூடிவிட்டு, மடிப்பு மாறாமல் மறுபடியும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மிளகு வாசனை இன்னும் போகவில்லை.