எதிர்காற்றில் உன் முறை

ஏட்டி,

சைக்கிள் சட்டையைத் துவைக்க எடுத்தேன். அதன் முதுகுப்புறப் பையில் கறுத்துப்போன மட்டி வாழைப்பழத்தோல். வாசனை கையில் ஒட்டிக்கொண்டது. அதோடேயே வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வருகிறேன். நீ போனதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

"தோலை ரோட்டுல எறியாத. பின்னால வாறவன் வழுக்கி விழுவான், பையில வையிட்டி" என்று சத்தம் போட்டுப் பழக்கியவள் நீ. இந்தப் பழம் யார் தந்தது என்று பிறகு சொல்கிறேன்.

அரை மாரத்தான் என் பைத்தியம். தூத்துக்குடிக்குச் சைக்கிளில் போய் ஒரே பகலில் திரும்புவது உன் பைத்தியம். இரண்டும் ஒரே மாதத்தில். என் ஓட்டத்துக்கு நீ, உன் சைக்கிளுக்கு நான் என்று பேச்சு. பயிற்சிக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதானே? நீயோ மாதா கோயிலில் முதல் பூசையை விடமாட்டாய். சுடிதாருக்குள் சைக்கிள் டிரவுசரோடு முழங்காலிட்டவள் உங்கள் முட்டம் ஊரிலேயே நீ ஒருத்திதான் இருப்பாய். நீ பூசையில் இருக்கும்போது நான் நாகர்கோவிலிலிருந்து ஓடி வந்துகொண்டிருப்பேன். பூசை முடிந்து நீ வெளியே வரும்போது கோயில் சுவரில் இரண்டு சைக்கிளும் சாய்ந்திருக்கும். என்னுடையது உன் வீட்டில்தானே கிடந்தது, இரண்டையும் நீயே உருட்டி வந்து வைத்திருப்பாய்.

ஆரல்வாய்மொழி தாண்டும்வரை காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போதுதான் அது யாரென்று காட்டும். ஒருத்தி முன்னால் காற்றை நெஞ்சில் வாங்க, மற்றவள் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். களைத்தவள் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஓடி வந்த கால் எனக்குக் கல்லாய்க் கனக்கும். நீ ஒதுங்கவே மாட்டாய்.

"மாறுட்டி, என் முறை!"

"சும்மா கெட. கால் முட்டு வீங்கினா ஓட்டமும் போவும், சைக்கிளும் போவும். அது ஒனக்கு மட்டும் உள்ள முட்டா? நம்ம ரெண்டு பேருக்கும் உள்ளதாக்கும்."

உனக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். உன் அடக்கத்துக்குப் பிறகு முட்டம் பக்கமே நான் வரவில்லை. சும்மா ஓடினேன், தினமும், கண்ட ரோட்டிலெல்லாம். முட்டு வீங்கிவிட்டது. "ரெண்டும் நடக்காது, ஒண்ணை விட்டிருங்க" என்கிறார் டாக்டர். எதை விட? என் ஓட்டத்துக்கு வருகிறேன் என்றுவிட்டு வராமல் போனவள் நீ, கோபம் வருகிறது. உன் சைக்கிள் பயணத்தை விட்டாலோ, உன்னை இன்னொரு தடவை அடக்கம் செய்வதுபோல் இருக்கிறது.

நேற்று ஞாயிறு. சைக்கிள் சட்டையோடு பஸ்ஸில் முட்டம் வந்தேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. சுவரில் என் சைக்கிள் சாய்ந்திருந்தது. பக்கத்தில் உன் அம்மா.

"நீ ஓடி வருவேண்ணு எல்லா ஞாயிறும் கொண்டு வச்சேன் மக்கா. இன்னைக்காவது வந்தியே" என்று மட்டிப் பழத்தை என் பையில் திணித்தார்கள். அப்படியே ஏறி மிதித்தேன்.

ஆரல்வாய்மொழியில் திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. கால் சலித்தது. யோசிக்காமலே இடப்பக்கம் ஒதுங்கினேன். பின்னாலிருந்து யாரும் வரவில்லை. காற்றாலைக் காத்தாடிகளுக்குக் கீழே சைக்கிளை நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதேன்.

ஓட்டத்துக்கு இந்த வருடம் பெயர் கொடுக்கப் போவதில்லை. தூத்துக்குடிக்குப் போகிறேன். எதிர்காற்றில் உன் முறையையும் நானே மிதித்துவிடுவேன். ஆனால் இந்த ஒதுங்குகிற பழக்கம் போகாது போலிருக்கிறது. களைக்கும்போதெல்லாம் உனக்கு வழிவிடுவேன், ஏட்டி.