அளவு எழுத இடமுள்ள கடை

மாமா,

கோலாலம்பூர் பெண்ணுக்குப் புதிதாகத் தைத்த நாட்டிய உடுப்பைக் கூரியரில் போடக் கடலூர் போகிறேன். சோறு வடித்தாயிற்று, ரசத்தைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவி மீட்டர் பெட்டி மேலே.

பதினோரு மணிக்கு, சைட் போட்டுத்தருகிற இளவரசு வருவான். நம் ஆன்லைன் கடையை எந்த சைட்டில் போடுவது என்று இன்றைக்கு முடிவு கேட்பான். உங்களுக்குப் பிடித்த சைட் பார்க்க அழகுதான். ஆனால் அதில் ஸ்மால், மீடியம், லார்ஜ் மட்டும்தானே இருக்கிறது? அதில் சோதனைக்குப் போட்டபோது மீடியம் என்று வந்த கோலாலம்பூர் ஆர்டரை அப்படியே தைத்து அனுப்பினோம். அரைமண்டியில் உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணுக்குத் தையல் விட்டுவிட்டது. அவள் அரங்கேற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

இளவரசு காட்டிய இன்னொரு சைட்டில் ஒவ்வொருவரும் தன் அளவை எழுத இடம் இருக்கிறது.

"எட்டாவது படிச்சவளுக்கு இதெல்லாம் என்னா தெரியும்?" என்று நேற்று கேட்டீர்கள். கம்ப்யூட்டர் தெரியாதுதான். டேப் பிடிக்கிறவள் நான்.

தமிழ்ச்செல்வி

பி.கு: எந்த சைட் என்று நீங்களே சொல்லுங்கள், சண்டை போட மாட்டேன். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். அன்றைக்கு அவள் அழுதபோது ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டீர்கள். "அடுத்த பொண்ணுக்காவது அளவு கேப்பீங்களா ஆன்ட்டி?" என்றாள். மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.