ஏழாம் அட்டவணை

4 பிப்ரவரி 2019, திங்கட்கிழமை

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். உன் கடிதத்தில் வழக்கம்போல் தேதி இல்லை. உறையின் மேலிருந்த முத்திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, ஜனவரி 29 என்று நானே பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் தன் கடிதத்துக்கே தேதி போடாவிட்டால், உன்னிடம் படித்துவிட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவர்கள் என்ன தரவைத்தான் சேகரிக்கப்போகிறார்கள்?

பதிப்பகத்தார் எழுதியிருக்கிறார்கள். நாம் இருவரும் சேர்ந்து எழுதிய ‘வாய்ப்பும் எண்ணும்’ நூலைப் புதிதாக அச்சுக்கோத்துப் பதினைந்தாம் பதிப்பாகக் கொண்டுவர விருப்பமாம். திருத்தங்களை மார்ச் 31-க்குள் அனுப்ப வேண்டும். நான் இருபத்து மூன்று பிழைகளைக் குறித்துவிட்டேன். அவற்றில் பத்தொன்பது காற்புள்ளிகள். நீ கேட்டபடி பழைய எடுத்துக்காட்டுகளை மாற்றிக்கொள், எனக்கு மறுப்பில்லை.

ஒன்றை மட்டும் தொடாதே. அறுபத்தேழாம் பக்கத்து ஏழாம் அட்டவணை, அதாவது இருநூறு முறை நாணயம் சுண்டிய முடிவுகள், அப்படியே இருக்கட்டும். அது மாப்பிள்ளையின் கையால் சுண்டப்பட்டது. அவர் மறைந்து இன்றோடு நான்கு ஆண்டு, இரண்டு மாதம், இருபத்தொன்பது நாள் ஆகிறது. அவர் நினைவாகவும் அது இருக்குமல்லவா?

அன்புடன்,
உன் அண்ணன்


11-2-2019 (தேதி போட்டுவிட்டேன். திருப்தியா?)

அன்புள்ள அண்ணா,

நீங்கள் தொடாதே என்று சொன்ன அட்டவணையைத்தான் போன வெள்ளிக்கிழமை என் வகுப்பு தொட்டுவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, நான் முதலில் சிரிக்கத்தான் செய்தேன்.

ஆண்டுதோறும் நான் செய்கிற விளையாட்டு உங்களுக்குத் தெரியும். பயிற்சி ஆசிரியர்கள் நாற்பது பேர். பாதிப் பேர் உண்மையாகவே இருநூறு முறை நாணயம் சுண்டிப் ‘பூ’, ‘தலை’ என்று எழுதுவார்கள். மீதிப் பேர் நாணயத்தைத் தொடாமல், மனத்தில் தோன்றுவதை எழுதுவார்கள். நான் வெளியே போய்விட்டு வந்து, எது உண்மை, எது கற்பனை என்று தாள் தாளாகச் சொல்வேன். மந்திரம் ஒன்றுமில்லை. கற்பனையாக எழுதுகிறவர்களுக்கு ஒரே பக்கத்தைத் தொடர்ந்து ஐந்து முறை எழுதக் கை வராது. இது சரியாக இருக்காதே என்று தோன்றி, நான்காவதிலேயே மாற்றிவிடுவார்கள். உண்மை நாணயத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஏழு, எட்டு என்று ஒரே பக்கமாக விழும்.

இந்த வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், நான் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. நாற்பது தாளோடு நாற்பத்தொன்றாவதாக ஒன்றைச் செருகிவிட்டாள். பார்த்த உடனே அதைக் கற்பனைத் தாள்களோடு சேர்த்துவிட்டேன்.

“மேடம், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது கற்பனைதானா?”

“இந்தப் பாடத்துல உறுதின்னு எதையும் சொல்லக்கூடாதும்மா. ஆனா பந்தயம் கட்டுவேன்.”

“என்ன பந்தயம்?”

“உன் வருகைப் பதிவு மொத்தமும்.”

“அப்ப உங்க புத்தகத்துல அறுபத்தேழாம் பக்கத்தைத் திறங்க மேடம். அதை அப்படியே பாத்து எழுதினேன்.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நிதானமாக எண்ணிப் பார்த்தேன். இருநூறில் ஓர் இடத்தில்கூடத் தொடர்ந்து ஐந்து பூ இல்லை, ஐந்து தலை இல்லை. முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. முப்பது வருடமாக இதை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. சொந்தக் கணவர் செய்தது என்றால் யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

அண்ணா, இவர் உண்மையாகவே சுண்டினாரா?

அன்புத் தங்கை


18 பிப்ரவரி 2019, திங்கட்கிழமை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் 14-ஆம் தேதி கிடைத்தது. அன்றே பதில் எழுதாததற்குக் காரணம், நான் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

இருநூறு சுண்டல்களில் ஒரு முறையேனும் ஐந்து தொடராமல் இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் குறைவு என்பது இல்லை என்பதன்று. அரிய நிகழ்ச்சி யாருக்காவது, எங்காவது நடந்தே தீரும் என்று அதே நூலின் எழுபத்தோராம் பக்கத்தில் நாமே எழுதியிருக்கிறோம். நம் அட்டவணைக்கு அது நேர்ந்திருக்கலாம்.

முந்திரிக்கொட்டையின் கவனத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு பயிற்சி மாணவியின் குறும்புக்காக முப்பதாண்டுப் பழமையான ஒன்றைக் கிளற வேண்டியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

இங்கே வெயில் ஏறுகிறது. கண் மருத்துவர் 26-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உன் அண்ணன்


23-2-2019

அண்ணா,

கண் மருத்துவர் இருக்கட்டும். ஆயிரத்தில் ஒன்று என்று நீங்கள் என்னிடம் சொல்கிறீர்களே, இதையே உங்கள் மாணவன் சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயா என்று காதைத் திருகியிருப்பீர்கள்.

என் கவலை அட்டவணையைப் பற்றியது இல்லை. வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன்.

அட்டவணை தயாரான அந்த ஜூலை மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டில் இல்லை. பல் வைத்தியருக்கு வாரத்தில் ஓய்வே அந்த ஒரு நாள்தான். கேட்டால், “உங்கண்ணன் வீட்ல காசு சுண்டிக்கிட்டிருந்தேன்” என்பார். நானும் நம்பினேன். இப்போது யோசிக்கிறேன். இருநூறு முறை சுண்ட அரை மணி நேரம் போதும். என் மாணவர்கள் இருபத்தைந்து நிமிடத்தில் முடிக்கிறார்கள். அரை மணி வேலைக்கு மூன்று ஞாயிறு எதற்கு? அதிலும் நடு ஞாயிறு பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். இவர் விளக்கு வைத்த பிறகு வந்தார். அன்று கோபப்பட்டேன். அண்ணன் வேலைதானே என்று பிறகு விட்டுவிட்டேன்.

சுண்டவே இல்லை என்றால், எங்கே போயிருந்தார்?

முப்பது வருடம் கூட வாழ்ந்தவரைப் பற்றி அறுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு கேள்வி. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் எல்லாவற்றையும் தேதி போட்டுக் கோப்பில் வைக்கிறவர். பாருங்கள். எது இருந்தாலும் சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

தங்கை


9 மார்ச் 2019, சனிக்கிழமை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பிப்ரவரி 26 அன்று, நான் கண் மருத்துவரிடமிருந்து திரும்பியபோது வந்திருந்தது. மருந்து விட்ட கண்ணால் அதைப் படித்தேன். 27, மார்ச் 2, மார்ச் 5 ஆகிய நாள்களில் பதில் எழுதி, மூன்றையும் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

மாப்பிள்ளை எங்கும் போகவில்லை. மூன்று ஞாயிறும் என் வீட்டுக் கூடத்தில், என் எதிரில் அமர்ந்து நாணயம்தான் சுண்டினார். அட்டவணையைப் பொய்யாக்கியவன் நான்.

முதல் ஞாயிறு, 3 ஜூலை 1988. கணிதம் அறியாத கை ஒன்று வேண்டும் என்று நானே அவரை அழைத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஓரிடத்தில் எட்டுப் பூ தொடர்ந்து விழுந்திருந்தது. அவர் சுண்டும் முறையில் குறை என்று கருதினேன். மறு வாரம் வரச் சொன்னேன்.

10 ஜூலை. நாணயத்தில் குறை இருக்கலாம் என்று கருதி, வீட்டிலிருந்த ஆறு நாணயங்களைத் தராசில் நிறுத்தேன். ஒவ்வொன்றையும் நூறு முறை சுண்டிப் பார்க்கச் செய்து, ஒன்றைத் தேர்ந்தோம். அதன்பின் இருநூறு. ஒன்பது தலை தொடர்ந்து விழுந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல், போக வேண்டும் என்று அவர் இரண்டு முறை சொன்னார். “இன்னும் ஐம்பதுதான் மாப்பிள்ளை” என்று இரண்டு முறையும் நான் சொன்னேன்.

17 ஜூலை. மேசை மேல் துணி விரித்து, கையை மாற்றிச் சுண்டச் செய்தேன். ஏழு பூ. அவர் சிரித்துவிட்டார்.

“மச்சான், காசு உங்க பாடத்தைப் படிக்கல போலிருக்கு. நாளைக்கு எனக்கு நாலு பேருக்குப் பல்லு புடுங்கணும். என்னை விட்டுடுங்க.”

மறுநாள், 18-ஆம் தேதி, அந்த மூன்றாம் தாளைப் பார்த்து அச்சுக்கு எழுதும்போது பதினோர் இடங்களில் மாற்றினேன். நூற்றொன்பது பூ, தொண்ணூற்றொரு தலை என்றிருந்தது, நூற்றிரண்டு, தொண்ணூற்றெட்டு என்றாயிற்று. பார்வைக்கு நன்றாக இருந்தது. நாணயத்துக்கு நினைவில்லை என்று அன்று காலைதான் வகுப்பில் சொல்லியிருந்தேன்.

அச்சான பிரதியை அவரிடம் கொடுத்தபோது, பக்கத்தைப் புரட்டிவிட்டு, “இது நான் சுண்டினது இல்லையே மச்சான்” என்றார். மாணவர்கள் குழம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சிறிது ஒழுங்குபடுத்தினேன் என்றேன். புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, “சரி, அவகிட்ட சொல்லிடாதீங்க. கணக்குன்னா எங்கண்ணன்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா” என்றார். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

நீ சந்தேகித்தது தெரிந்தும் பிப்ரவரி 18 அன்று உனக்கு எழுபத்தோராம் பக்கத்தைக் காட்டினேன். செய்த பிழைகளுள் அதுவே பெரிது.

மூன்று தாள்களின் மூலப் பிரதிகளும் இத்துடன் உள்ளன. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நான் படியெடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

உன் அண்ணன்


16-3-2019

அண்ணா,

தாள்கள் வந்தன. உங்கள் கடிதத்தை ஒரு முறை படித்தேன். தாள்களை எத்தனை முறை என்று எண்ணவில்லை.

புள்ளியியல்காரியாயிற்றே, முதலில் உங்களை நம்பவில்லை. செத்தவரைக் காப்பாற்ற நீங்களே உட்கார்ந்து மூன்று தாள் தயாரித்திருக்கலாம் அல்லவா? அதனால் யாருடையது என்று சொல்லாமல் வகுப்புக்குக் கொண்டுபோனேன். முந்திரிக்கொட்டை எண்ணி முடித்துவிட்டு, “மூணும் நிஜம் மேடம். ஆனா ஒரு தடவை போதுமே, இந்த மனுஷன் எதுக்கு மூணு தடவை பண்ணாரு?” என்றாள். “பக்கத்துல ஒரு கணக்கு வாத்தியார் இருந்தாரு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆனால் எனக்கு அவள் சாட்சி தேவைப்படவில்லை. ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்தாக இவர் எழுதியிருப்பதை நீங்கள் படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள்; உங்களுக்குக் கட்டத்துக்கு வெளியே இருப்பது கண்ணில் படாது. இரண்டாம் தாளில் நூற்று நாற்பத்து மூன்றாவது: “காசு பீரோவுக்கு அடியில். மச்சான் குனிய மாட்டார். படுத்து எடுத்தேன். பூ.” நூற்று எழுபத்தொன்றாவது: “பாப்பாவுக்கு இப்போது எவ்வளவு காய்ச்சலோ. தலை.”

அந்தத் தலையிலிருந்துதான் உங்கள் ஒன்பது தலை தொடங்குகிறது.

இதை எந்தக் கற்பனைத் தாளிலும் எழுத முடியாது. பாப்பாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. “அப்பா எழுத்தா? இன்னொரு வாட்டி படிம்மா” என்றாள். ஐந்து வாரம் இவரோடு பேசாமல் இருந்துவிட்டேன் அண்ணா. அதை யாரிடம் போய்ச் சரி செய்வது?

புதிய பதிப்பில் இரண்டு அட்டவணையும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். அவர் சுண்டியதும், நீங்கள் திருத்தியதும். கீழே மாணவர்களுக்கான பயிற்சியையும் ஆசிரியர் கையேட்டுக்கான விடையையும் நீங்களே எழுத வேண்டும். நான் எழுத மாட்டேன். அது வரும்வரை கண், வெயில், காற்புள்ளி எதைப் பற்றியும் எனக்கு எழுத வேண்டாம்.

தங்கை


25 மார்ச் 2019, திங்கட்கிழமை

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டது கீழே.

பயிற்சி. இங்குள்ள அட்டவணைகளில் ஒன்று, ஒரு பல் மருத்துவர் 17 ஜூலை 1988 அன்று ஒரு நாணயத்தை இருநூறு முறை சுண்டிக் குறித்தது. மற்றொன்று, அதை இந்நூலாசிரியர்களுள் மூத்தவர் பதினோர் இடங்களில் மாற்றியது. முப்பது ஆண்டுகளாக இந்நூலில் அச்சானது மாற்றப்பட்டதே. அ) எது எது? ஆ) எவ்வாறு கண்டறிந்தீர்கள்? இ) மாற்றியவர் நிகழ்தகவு கற்பித்த ஆசிரியர். அவர் ஏன் மாற்றினார்?

முதல் இரண்டுக்கும் விடை எளிது, கையேட்டுக்கு எழுதிவிட்டேன். மூன்றாவதற்கு, மாணவர் குழம்புவர் என்று அவர் கருதினார் என 20-ஆம் தேதி எழுதினேன். அது மாப்பிள்ளையிடம் அன்று சொன்ன அதே பொய் என்று கண்டு அடித்துவிட்டேன். 22-ஆம் தேதி எழுதியதையும் அடித்தேன். இன்று காலை எழுதியது இது:

“அதற்கு முந்தைய ஞாயிறு ஒன்பது முறை ஏன் தலையே விழுந்தது என்று வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து கேட்டால், காரணம் ஏதுமில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. எதிரில் இருந்தவர் வீட்டில் காய்ச்சலோடு ஒரு குழந்தை இருந்தபோதும், அவர் காரணத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.”

இது சரியான விடையா என்று எனக்குத் தெரியவில்லை. தேர்வாளர் நீ. திருத்தி அனுப்பு, அல்லது அடித்துவிடு.

உன் அண்ணன்