ஒன்றரைச் சாண் படி

என் ஆசை அண்ணா,

நீ மரக்கூடு கட்டிய பஸ் ஆம்பூர்–வேலூர் ரோட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. பின்பக்கம் தகரம் கொஞ்சம் நெளிந்துவிட்டது, ஆனால் ஒரு மரச்சட்டம்கூட ஆடவில்லை. இதைக் கேட்டால் மீசையை முறுக்குவாய் என்று தெரியும்.

சீமைக் கம்பெனியிலிருந்து எஞ்சினும் சக்கரமும் மட்டுமாய் வரும் ஒவ்வொரு சேசிஸையும் நீ எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாய். முதலில் வந்தது கெட்டி ரப்பர் சக்கரம், லாரிக்குச் செய்த அடிச்சட்டம். அடுத்ததில் காற்றடித்த டயர். உயரம் மட்டும் குறையவே இல்லை. என் சூம்பின காலோடு அதில் ஏறவா முடியும்? கண்டக்டர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவான். "மூட்டைய மேல ஏத்துப்பா" என்று உள்ளேயிருந்து எவனாவது சிரிப்பான். வீட்டுக்கு வந்து அழுவேன்.

அப்புறம் அந்தப் புது மாடல் வந்தது. பலகைப் பெட்டிமேல் உட்கார்ந்து டிரைவர் அதை மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஓட்டிவந்தார். அச்சுக்கு மேலே சட்டத்தை வளைத்து, நடுவில் நன்றாக இறக்கியிருந்தார்கள். நீ அதன் அடியில் படுத்துக்கொண்டு, "அடேங்கப்பா! இவன் லாரிய மறந்துட்டு மனுசன நெனச்சு செஞ்சிருக்கான் பாப்பா" என்று கத்தினாயே!

பஸ் முதலாளி சாயபுவுக்குப் பிடிக்கவில்லை. நான் பட்டறையில் சீட்டுக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்தேன். "இன்னாப்பா, தரையோட தரையா கீது? எதிராளி பஸ் ஆனையாட்டம் நிக்குது. கட்டை குடுத்துத் தூக்கு" என்றார்.

"தூக்கிடறேன் மொதலாளி. உங்க வீட்டம்மா ஏறணும்னா எந்தக் கண்டக்டர் கை குடுப்பான்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாய் நீ.

பெண்களை அந்நிய ஆண் கண்ணில் காட்டாத கோஷா குடும்பம் அவருடையது. உன் வேலை போச்சு என்றே நினைத்தேன். முகம் சிவக்க நின்றவர் தாடியைத் தடவினார். "உனக்கு வாய் ஜாஸ்தி. சரி, இப்படியே இருக்கட்டும்."

அவர் போனதும் என்னைச் சுவரோரம் நிறுத்தினாய்.

"காலைத் தூக்கு பாப்பா."

"இன்னாத்துக்குண்ணா?"

"தூக்கேன்."

என் கால் எழுந்த உயரத்துக்கு உன் முழக்கோலில் கத்தியால் கீறினாய். ஒன்றரைச் சாண். எதற்கென்று சொல்லவே இல்லை. பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் விஷக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நியாயமா அண்ணா?

முதல் முறை அந்தப் பஸ்முன் நின்றேன். கண்டக்டர் கையை நீட்டினான். "வேணாம்பா" என்று காலைத் தூக்கினேன். தூக்கிய இடத்தில் படி இருந்தது. நான் தைத்த சீட்டில் உட்கார்ந்து விரிஞ்சிபுரம் தாண்டும்வரை அழுதேன்.

இப்போது ஆயில் எஞ்சின் மாடல் வரப்போகிறதாம். கூடு கட்டப் புது ஆசாரியைப் பிடித்திருக்கிறார்கள். உன் முழக்கோல் என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் கீறலுக்குமேல் ஒரு நூல்கூடப் படியை ஏற்றவிடமாட்டேன், இது சத்தியம்.

யார் கையும் பிடிக்காமல் பஸ் ஏறும் உன் தங்கை,
முனியம்மா